சாப்பாட்டு ராமன் மலையேறிய கதை

அந்தக் காலத்துச் சாப்பாட்டு ராமனை அடையாளம் காண்பது சுலபம். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு முதல் ஆளாக உட்காருவார். மூன்றாம் பந்திக்கு இலை போடும்போதும் அங்கேயேதான் இருப்பார். அவர் உட்கார்ந்திருக்கும் வரிசையைப் பார்த்ததும் பாயச வாளிக்காரர் வேறு பக்கம் திரும்பிவிடுவார். அவருக்கு வேண்டியது அளவு. ருசி கூடுதல் லாபம்.

இந்தக் காலத்துச் சாப்பாட்டு ராமன் வேறு இனம். காலையில் ஜிம்முக்குப் போவார், வயிறு ஒட்டியிருக்கும். ஒரு கடையில் அரை தோசைக்கு மேல் தொடமாட்டார், அடுத்து ஐந்து கடை பாக்கி இருக்கிறதே! திங்கள் முதல் வெள்ளி வரை ஓட்ஸ் கஞ்சியும் கிரீன் டீயுமாகத் தவம் கிடந்து, சனிக்கிழமை விடிந்ததும் வரம் வாங்கக் கிளம்புவார். அவர் சாப்பாட்டைத் தேடிப் போவதில்லை, 'அனுபவ'த்தைத் தேடிப் போகிறார். நல்ல சாப்பாடு என்றால் அவருக்கு ஆறிப்போன விஷயம். இதுவரை யாரும் சாப்பிட்டிராததாக இருக்க வேண்டும். யாரும் என்றால் அவருடைய அலுவலகத்தில் யாரும்.

இந்த ராமன் வனவாசம் போவது தனியாக அல்ல. வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. அதில் படக்காரர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் மூன்று கோணத்தில் எடுத்து முடிக்கும்வரை யாரும் இலையில் கைவைக்கக் கூடாது. சுடச்சுட வந்த பரோட்டா ஆறி அட்டையாகும். படத்தில் மட்டும் ஆவி பறக்கும். இன்னொருவர் கணக்கர். கைகழுவுவதற்கு முன்பே தலைக்கு இவ்வளவு என்று செய்தி போட்டு, பணம் வந்து சேரும்வரை தூங்காதவர். கார் வைத்திருப்பதால் மட்டுமே குழுவில் இடம்பெற்ற ஒருவர் இருப்பார். கடைசியாக ஒரு சைவர். எல்லாக் கடை வாசலிலும் "இதுல வெஜ் எது?" என்று கேட்டு, கிடைத்த வெங்காயப் பச்சடியைத் தின்றுகொண்டு, ஆனால் ஒரு வாரம்கூடத் தவறாமல் வருகிறவர். அவர் ஏன் வருகிறார் என்பது குழுவில் யாருக்கும் தெரியாது.

சென்னையில் இவர்களுடைய சனிக்கிழமை மயிலாப்பூரில் ஆரம்பிக்கும். கபாலீசுவரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், வீட்டு ஜன்னல் வழியாகவே பொங்கலும் பஜ்ஜியும் நீட்டும் ஜன்னல் கடை. அப்படியே காளத்தி கடையில் ரோஸ் மில்க். அங்கிருந்து திருவல்லிக்கேணி. 1948இல் தொடங்கிய ரத்னா கபேயில் இட்லி சாம்பாரில் மிதக்காது, மூழ்கும். சாயங்காலம் என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடையின் நெய்ப்பொடி ஊத்தப்பம். இதற்குள் கார்க்காரர் நான்கு இடத்தில் பார்க்கிங் தேடி இரண்டு கிலோ இளைத்திருப்பார்.

ராத்திரிக்கு அத்தோ. இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசலாம், ஏனென்றால் இது உண்மையிலேயே நின்றுகொண்டு சாப்பிட வேண்டிய பண்டம். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது, தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறினார்கள். சென்னைத் துறைமுகத்தை ஒட்டிப் பர்மா பஜார் முளைத்தது. அதன் எதிரே தள்ளுவண்டிகளும் முளைத்தன. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், நறுக்கிய கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய், நொறுக்கிய தட்டை எல்லாவற்றையும் வண்டிக்காரர் கையாலேயே பிசைந்து தருவார். பக்கத்தில் வாழைத்தண்டு போட்ட சூப், காசு கேட்காமல் எத்தனை முறை வேண்டுமானாலும். அவித்த முட்டையைக் கீறி, பூண்டும் வெங்காயமும் புளியும் அடைத்துத் தந்தால் ஒரே வாயில் போட்டுவிட வேண்டும். கடித்துச் சாப்பிட நினைத்தவர் சட்டையைத் துவைக்கக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஊரை விட்டுவந்த குடும்பங்கள் பிழைப்புக்காகப் போட்ட வண்டி இது. நம் ராமன் அதன் முன்னால் நின்று, "ஆனா ரங்கூன்ல இதே மாதிரி இருக்காது மச்சி" என்பார். ரங்கூனுக்கு அவர் போனதில்லை. வண்டிக்காரரின் தாத்தா போயிருக்கிறார், ஆனால் அவரை யாரும் கேட்பதில்லை.

சாகசத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டாவது முறை செய்தால் அது சாகசமாக இருப்பதில்லை. அத்தோ முதல் வாரம் அதிசயம், மூன்றாம் வாரம் சிற்றுண்டி. ஸ்ரீபெரும்புதூருக்குக் கொரியக் கார் ஆலை வந்ததன் பின்னாலேயே சென்னைக்கு வந்த கொரிய உணவகங்களில் கிம்ச்சியைப் பார்த்தாயிற்று. சைவர் மட்டும் அதை நம்மூர் ஊறுகாயோடு ஒப்பிட்டுத் திட்டு வாங்கினார். தாம்பாளத்தைச் சுற்றி ஐந்து பேர் உட்காரும் மந்தி பிரியாணியும் ஆயிற்று. வியட்நாமில் நாகப்பாம்பின் துடிக்கும் இதயத்தை விழுங்கிய அமெரிக்கச் சமையல்காரர் ஆண்டனி போர்டெய்னின் படத்தைக் கைபேசியில் வைத்திருக்கும் ஒருவர், இன்னும் எத்தனை நாள் ஊத்தப்பத்தைத் துரத்துவது? ஆகவே ஒரு வியாழக்கிழமை இரவு குழுவில் ஒரு செய்தி விழுகிறது: "முடவாட்டுக்கால் சூப். கொல்லிமலை. சனிக்கிழமை. யார் யார்?"

மூன்று கட்டைவிரல்கள் உடனே உயர்ந்தன. சைவர், "ஆட்டுக்கால் இல்லையே?" என்று கேட்டுக்கொண்டு நான்காவதாக உயர்த்தினார்.

வழியில் சேலம், சென்னையிலிருந்து சுமார் 340 கிலோமீட்டர். மலைக்குப் போகிறோம் என்று ராமன் வெறும் வயிற்றோடு போவாரா? சேலத்தில் தட்டுவடை செட். சின்னத் தட்டை இரண்டுக்கு நடுவே பீட்ரூட், கேரட், வெங்காயத் துருவலும் இரண்டு வகைச் சட்னியும். ஒரு செட் சாப்பிட்டால் அது மரியாதைக்கு, இரண்டாவது ருசிக்கு, மூன்றாவது படக்காரர் சரியாக எடுக்கவில்லை என்பதற்கு. பிறகு தட்டையை நொறுக்கிப் பிசைந்த நொறுக்கல். ராசிபுரத்தில் நெய் பெயர்பெற்றது என்று யாரோ சொல்ல, அந்த நெய்யில் வார்த்த தோசை ஒன்று. பேளுக்குறிச்சி தாண்டி அடிவாரத்தில் காரவள்ளி.

அங்கேதான் ஆரம்பிக்கின்றன 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. எழுபதில் எத்தனை கழிந்தன என்று பார்த்துக்கொண்டே ஏறலாம். பத்தாவது வளைவு வரை ராமன் கதை சொன்னார். இருபதில் ஜன்னலை இறக்கினார். முப்பத்திரண்டில் தட்டுவடை செட் மூன்றும் ஒன்றாகத் தட்டிக் கேட்டன. கார் ஓரம் கட்டப்பட்டது. படக்காரர் அந்தக் காட்சியை எடுக்கவில்லை. நட்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா. எதுவும் ஆகாமல் மேலே போய்ச் சேர்ந்தவர் சைவர் ஒருவர்தான். காலையிலிருந்து அவர் தின்றது அரை வாழைப்பழம்.

மேலே செம்மேட்டுக்குப் பக்கத்தில் வாசலூர்பட்டி. சின்ன ஏரி, படகு இல்லம், கால்மிதி படகில் குடும்பம் குடும்பமாகச் சுற்றும் சுற்றுலாக்காரர்கள். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் என்பதால் மே மாதத்திலும் காற்று இதமாகத்தான் இருக்கும். மிளகுக்கொடி, காபிச்செடி, பலாமரம், அன்னாசிக் காடு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தின்கிற பொருள்தான். ராமன் படகையும் பார்க்கவில்லை, ஏரியையும் பார்க்கவில்லை. சூப் கடை எங்கே என்று பார்த்தார்.

முடவாட்டுக்கால் என்பது பெரணி இனத்துச் செடியின் தண்டுக்கிழங்கு. மண்ணுக்குள் இருக்காது, பாறையிலும் மரத்திலும் ஒட்டி ஊர்ந்து வளரும். மேலெல்லாம் பழுப்பு நிறத்தில் ரோமம். கடை முன்னால் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் ஆட்டுக்காலேதான். தோலைச் சீவி, நறுக்கி, இடித்து, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்தால் சூப். முட்டி வலிக்கு நல்லது என்று சொல்லித்தான் விற்பார்கள். குடித்துவிட்டு ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கி ஏறுகிறவருக்கு, முட்டி வலி ஒருவேளை வந்துவிட்டுப் போகலாம்.

ராமன் டம்ளரைக் கையில் வாங்கினார். படக்காரர் மூன்று கோணமும் எடுத்தாயிற்று. ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, ஏதோ தூரத்து ராகத்தைப் பிடிக்கிறவர்போல நின்றார்.

"அக்கா... இதுல ஒரு மண் வாசனை அடிக்குது!"

கடைக்கார அம்மாள் முகம் சுருங்கிவிட்டது. "ரெண்டு தடவை கழுவித்தானுங்க தம்பி போட்டேன்."

பாராட்டு என்று புரியவைக்கக் கார்க்காரர் கால் மணி நேரம் பேச வேண்டியிருந்தது. அதற்குள் சைவர் மூன்று டம்ளர் குடித்துவிட்டார். குழு வரலாற்றிலேயே முதல்முறையாகத் தேடிப் போன பொருளை அவரும் சாப்பிட முடிந்திருக்கிறது. ஆட்டுக்கால் பாயா ருசி அப்படியே இருக்கிறது என்று ராமன் அறிவித்தபோது, பாயா எப்படி இருக்கும் என்று தெரியாமலே அவர் ஆமோதித்தார்.

அடுத்தது மதியச் சாப்பாடு. இதில்தான் ராமனுக்குச் சோதனை. கிளம்புமுன் இரவெல்லாம் படித்துத் தயாராகியிருந்தார். இது மலையாளிப் பழங்குடியினர் வாழும் மலை, நாடு நாடாகப் பிரிந்த 14 ஊராட்சிகள், இங்கே சாமையில் மட்டும் பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, திரிகுலாசாமை என்று தனித்தனி ரகங்கள், எல்லாம் விரல் நுனியில். ஒரு மெஸ் வாசலில் போய் நின்று, "திரிகுலாசாமைச் சோறு இருக்கா?" என்றார்.

"சாப்பாடு இருக்குது, பரோட்டா இருக்குது, சிக்கன் ரைஸ் இருக்குது" என்றார் கடைக்காரர். "சாமை வேணும்னா முன்னாடியே சொல்லோணுமுங்க."

சாமை எங்கே போயிற்று என்பது நீண்ட கதை. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு தேவைப்பட்டது. கிழங்குக்குக் கையில் காசு கிடைத்தது. சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியது. ரேஷன் அரிசியும் மலையேறி வந்தது; 2011 ஜூனிலிருந்து அது இலவசம். இன்னொரு காரணமும் உண்டு, நகரத்துச் சிறுதானியப் பக்தர்கள் அதைப் பேசுவதில்லை. சாமையின் உமி லேசில் போகாது. உரலில் போட்டு உலக்கையால் குத்திப் புடைத்து, மறுபடி குத்திப் புடைத்து, ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு பெண்ணின் பாதி நாள் போய்விடும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் பாரம்பரிய ரகங்களைக் காப்பாற்றப் பல ஆண்டுகளாக வேலை செய்தபோது, விதையோடு சேர்த்து ஊர்களுக்கு அரவை எந்திரங்களையும் கொண்டுவந்ததற்குக் காரணம் அதுதான். 2023ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. சென்னையில் சாமைப் பொங்கல் நட்சத்திர ஓட்டலுக்குள் நுழைந்தபோது, வாசலூர்பட்டி மெஸ்ஸில் சிக்கன் ரைஸ் நிலைபெற்றிருந்தது.

கடைசியில் தங்கும் விடுதிக்காரர் வீட்டில் சொல்லி, ராத்திரிக்குச் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் கிடைத்தன. "கையால குத்துனதா?" என்றார் ராமன் பக்தியோடு. பரிமாறிய பாட்டி சிரித்தார். "கையால குத்துன காலத்துல சாப்புட வந்திருந்தீங்கன்னா, ஒலக்கைய உங்க கையில குடுத்திருப்பேன் சாமி." குழம்பு அருமை. ஐந்து பேரும் இரண்டாம் முறை வாங்கினார்கள். படக்காரர்கூடப் படம் எடுக்க மறந்தார், அது குழு வரலாற்றில் இரண்டாவது முதல்முறை.

சாப்பிட்டு வெளியே வந்தபோது விடுதிக்காரரின் மகன், கல்லூரிப் பையன், தயங்கித் தயங்கி ராமனிடம் வந்தான். "அண்ணா, சென்னையில ஷவர்மா எங்கண்ணா நல்லா இருக்கும்?"

அவனுக்கும் ஒரு குழு இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் இரண்டு பைக்கில் அதே 70 வளைவுகளும் இறங்கி நாமக்கல் போய், கிரில் சிக்கனும் மயோனைஸும் அடித்துவிட்டு இருட்டுவதற்குள் ஏறிவிடுவார்களாம். அவர்களிலும் ஒரு படக்காரர், ஒரு கணக்கர். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டதை நினைத்தால், இரண்டு குழுக்களில் துணிச்சல்காரர்கள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தினமும் கோடிக்கணக்கில் முட்டை அனுப்பும் நாமக்கல்லுக்கு அது எப்பேர்ப்பட்ட துக்கம்! ராமன் அந்தப் பையனைப் பரிதாபமாகப் பார்த்து, "தம்பி, உங்ககிட்ட இருக்கிற பொக்கிஷம் உங்களுக்கே தெரியல" என்றார். பையன் பணிவாகத் தலையாட்டிவிட்டு, "எக்மோர்ல நல்லா இருக்குமாண்ணா?" என்றான்.

கொல்லிமலையில் விருந்தைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்த மலையை ஆண்ட சங்ககால வள்ளல் வல்வில் ஓரியைத் தாண்டிப் போக முடியாது. செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு. ஆடி மாதத்தில் அரசு விழா உண்டு. எய்த ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலி, மான், காட்டுப்பன்றி எல்லாவற்றையும் கடந்து புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். காட்டு வழியில் பசியோடு போன பாணர் கூட்டத்துக்கு யாரென்று தெரியாத வேட்டுவன் ஒருவன் மான்கறியும், உருக்கிய நெய்போன்ற மதுவும், போதாததற்குப் பொன்னும் கொடுக்கிறான், அவன்தான் ஓரி. சாப்பாடு போட்டு, கையில் பொன்னையும் கொடுத்து, அதைப் பற்றி எழுதவும் வைத்த முதல் விருந்து இதுவாக இருக்கலாம். இன்றைய யூடியூப் விமர்சகர்கள் வன்பரணருக்குக் குருபூஜை நடத்தலாம். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்திலிருந்து அண்டா அண்டாவாகச் சமைத்து, 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட வில்லேஜ் குக்கிங் சேனல்காரர்களும் ஓரியின் பரம்பரைதான், ஊருக்கே பரிமாறிவிடுகிறார்கள்.

ஓரியின் அம்பு ராமனின் மண்டையிலும் தைத்துவிட்டது. ஞாயிறு காலை வழிகாட்டியாக வந்த பெரியவரை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "ஐயா, இங்க... உடும்பு, காட்டுப்பன்றி, அந்த மாதிரி..."

பெரியவர் அவரைவிடத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இருக்குதுங்க. காட்டுல இருக்குது. தின்னவங்க ஜெயில்ல இருக்காங்க."

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு உச்சபட்சப் பாதுகாப்புப் பட்டியலில் வரும் பிராணி. கணக்கர் உடனே அபராதத் தொகையைத் தேடிப்பார்த்து, அதை ஐந்தால் வகுத்துத் தலைக்கு இவ்வளவு என்று காட்டினார். பேச்சு நாட்டுக்கோழிக்கு மாறியது.

அறப்பளீசுவரர் கோயிலிலும் ராமனுக்குக் கை நழுவியது. பக்கத்து ஓடையில் மீன்கள் கொழுத்துத் திரிகின்றன, பக்தர்கள் பொரி போடுகிறார்கள். அந்த மீன்களே சாமி என்று நம்பிக்கை. அறுத்துச் சமைக்கப் போன மீன், துண்டுகள் பொருந்தித் துள்ளி ஆற்றுக்குள் போய்விட்டது என்று தலக்கதை. "என்ன மீன் ஐயா இது?" என்று அவர் கேட்ட தொனியிலேயே பெரியவருக்குப் புரிந்துவிட்டது. "நீங்க வெட்டுனாலும் ஒட்டிக்கும். நடங்க."

இப்படிப்பட்டவரை ஏளனம் செய்வது எளிது, நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் இவர் வராவிட்டால் சூப் கடை அம்மாளுக்கு வார இறுதி வியாபாரம் இல்லை. அவரைக்கொட்டைக் குழம்புக்குக் காசு கொடுக்க ஆளில்லை. மறுபக்கம், பாறையில் மெல்ல ஊர்ந்து வளரும் கிழங்குக்கு இத்தனை கார்கள் தாங்குமா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். ராமன் அதைக் கேட்கவில்லை. இரண்டு கிலோ வாங்கினார்.

இறங்கும்போது கார் டிக்கியில் மிளகு, தேன், மலை வாழைத்தார், ஒரு பலாப்பழம், கிழங்கு மூட்டை. பலாவின் வாசனை கார்க்காரரின் சீட்டில் மூன்று வாரம் தங்கும். கணக்கர் விழுப்புரம் தாண்டுவதற்குள் கணக்கை முடித்தார்: செலவில் பெரும்பகுதி பெட்ரோலுக்கும் சுங்கச்சாவடிக்கும் போயிருந்தது. சூப்புக்கு ஆனது சில்லறை. அதிலும் சைவர் குடித்த மூன்று டம்ளரைத் தனியாகக் காட்டியிருந்தார்.

திங்கட்கிழமை ராமன் கிழங்கு ஒன்றை அலுவலகத்துக்கு எடுத்துப்போய்க் குளிர்பெட்டியில் வைத்தார். மதியத்துக்குள், 'குளிர்பெட்டியில் பிராணியின் கால் வைத்திருப்பவர் உடனே அகற்றவும்' என்று மனிதவளத் துறையிலிருந்து எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது. வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த மிகச் சிறந்த விமர்சனம் என்று அதைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டார்.

வீட்டில் அப்பத்தா கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கா அவ்ளோ தூரம் போன? மழைக்கு வந்த ஈசல வறுத்து அரிசியோட கலந்து குடுத்தேனே, சின்ன வயசுல, வாசல் வரைக்கும் ஓடினியே?" ராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஈசல்! பூச்சி! பத்து வயதில் பூச்சியைப் பார்த்து ஓடியவரின் விரல்கள் கைபேசியில் பறந்தன. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்துச் சிமிலிபால் பகுதியில் சிவப்பு எறும்பை மிளகாய், பூண்டு, உப்பு வைத்து அரைத்துச் சட்னி செய்கிறார்கள். 2024 ஜனவரியில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அப்பத்தா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். குழுவில் செய்தி விழுந்துவிட்டது: "எறும்புச் சட்னி. சிமிலிபால். அடுத்த நீண்ட விடுமுறை. யார் யார்?"

மூன்று கட்டைவிரல்கள் உயர்ந்தன. கணக்கர் ரயில் கட்டணத்தைப் போட்டார். சைவர் வெகுநேரம் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார்.

"வரேன். சட்னிதானே? எனக்கு மட்டும் எறும்பு போடாம அரைக்கச் சொல்லிடலாம்ல?"